டிப்ஸ் கொடுப்பதும் சம்பளம் கேட்பதும்

அனைவருக்கும் வணக்கம்.

"இந்தக் காலத்திலும் டிப்ஸ் கொடுக்கத்தான் வேண்டுமா?" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்க வேண்டும். சிரித்த முகத்தோடு வேலை செய்தாரா, களைத்த முகத்தோடு செய்தாரா என்று பார்க்காமல், நம்மால் முடிந்ததை எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். கூடவே, அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்கவும் வேண்டும். இந்தக் கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் கேட்காமல் எழுந்து வந்துவிடுகிறோம்.

டிப்ஸ் வேண்டாம் என்பவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "சம்பளம் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. அதை ஏன் என் தலையில் கட்டுகிறீர்கள்? எல்லாச் செலவையும் விலையில் சேர்த்துவிடுங்கள், நான் கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்கிறார்கள். முழுக்க நியாயமான பேச்சு. ஆனால் அந்த நியாயத்தை நிலைநாட்ட அவர்களில் பலர் செய்வது என்ன? பில்லுக்கு உரியதை மட்டும் கட்டிவிட்டு, வேறு எதுவும் வைக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். இதில் முதலாளிக்கு ஒரு காசு நட்டமில்லை, அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. எதிர்ப்பின் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்பவர் மேஜையைத் துடைக்கிறவர். அவரோ இந்த ஏற்பாட்டை உருவாக்கவுமில்லை, அதை மாற்றும் அதிகாரமும் அவரிடம் இல்லை.

டிப்ஸ் எப்படிச் சம்பளத்தின் இடத்தைப் பிடித்தது என்பதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. அதை இந்த மேடையில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடிமைகளாக இருந்த மக்கள் சட்டப்படி விடுதலை பெற்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1867இல், ஜார்ஜ் புல்மன் என்பவர் ரயில்களில் படுக்கை வசதியுள்ள சொகுசுப் பெட்டிகளை ஓட்டும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தப் பெட்டிகளில் பணியாளர்களாக, விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பெட்டி தூக்குவது, படுக்கை விரிப்பது, பயணிகள் தூங்கும்போது அவர்களின் காலணிகளுக்கு மெருகு போடுவது, நடு இரவில் மணி அடித்தாலும் ஓடிவருவது, எல்லாம் அவர்கள் வேலை. சம்பளம் அற்பம். மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. பயணிகள் அவர்களுடைய பெயரைக்கூடக் கேட்பதில்லை. எல்லோரையும் "ஜார்ஜ்" என்றே கூப்பிட்டார்கள். எஜமானின் பெயரால் அடிமையை அழைத்த பழக்கம் அப்படியே ரயிலேறி வந்திருந்தது. 1897 முதல் 1911 வரை அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ராபர்ட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

அந்தப் பணியாளர்கள் 1925இல் சங்கம் அமைத்தார்கள். ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமை தாங்கினார். நிறுவனம் சங்கத்தை ஏற்க மறுத்தது, உளவு வைத்தது, சேர்ந்தவர்களை வேலையை விட்டு அனுப்பியது. 12 ஆண்டுகள் போராடி, 1937இல் ஒப்பந்தம் போட்டார்கள். மாதம் 400 மணி நேரமாக இருந்த வேலை 240 மணி நேரமாகக் குறைந்தது, சம்பளம் உயர்ந்தது. பயணிகள் இன்னும் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தால் அது சுலபமான கோரிக்கையாக இருந்திருக்கும். கை நீட்டாமல் குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கோரிக்கை இன்னும் பல தொழில்களில் நிறைவேறவில்லை.

சட்டம் அவர்கள் பக்கம் வந்ததா? அமெரிக்காவில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1938இல் வந்தது. ஆனால் உணவகத்திலும் விடுதியிலும் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் வரவில்லை. 1966இல் உள்ளே கொண்டுவந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. ஊழியருக்கு வரும் டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதிவரை முதலாளி கழித்துக்கொள்ளலாம். அதாவது, ஊழியர் கையில் நீங்கள் வைக்கும் பணம் முதலாளியின் கணக்கில் வரவாகிறது. 1991இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4 டாலர் 25 சென்ட். அதில் பாதி என்று கணக்கிட்டு, டிப்ஸ் பெறுகிறவருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய தொகை 2 டாலர் 13 சென்ட் ஆனது. 1996இல் இந்தப் 'பாதி' என்ற கணக்கையும் வெட்டிவிட்டு, 2.13 என்று நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களின் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009இல் 7.25 ஆனபோதும் இது அசையவில்லை. 1991இல் பிறந்த குழந்தை இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டது, அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. டிப்ஸ் சேர்த்தும் 7.25 வரவில்லை என்றால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். ஆனால் வார இறுதியில் முதலாளியிடம் போய் "குறைகிறது, ஈடுகட்டுங்கள்" என்று கேட்கும் துணிச்சல், நாளைக்கும் அதே இடத்தில் ஷிப்ட் வேண்டியவருக்கு எங்கிருந்து வரும்?

எல்லா மாநிலங்களும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், நெவாடா, மினசோட்டா, மோன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் முழுக் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும். அங்கே உணவகங்கள் நடக்கத்தான் நடக்கின்றன.

சரி, டிப்ஸைத் தடை செய்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். செய்து பார்த்தார்கள். 1909 முதல் 1915 வரை வாஷிங்டன், மிசிசிப்பி, ஆர்கன்சா, அயோவா, தெற்குக் கரோலினா, டென்னசி என ஆறு மாநிலங்கள் டிப்ஸுக்கு எதிராகச் சட்டம் போட்டன. 1926க்குள் அத்தனையும் ரத்தாகிவிட்டன. நாணயம் கைமாறுவதைத் தடுத்தார்கள், அந்த நாணயம் இல்லாமல் ஒருவர் எப்படிப் பிழைப்பார் என்பதற்கு வழி செய்யவில்லை.

தடை வேண்டாம், முதலாளியே மனமுவந்து நிறுத்தட்டும் என்றால் அதற்கும் உதாரணம் உண்டு. நியூயார்க்கில் டேனி மேயர் 2015இல் தன் உணவகங்களில் டிப்ஸை நிறுத்தினார். விலையைக் கூட்டி, அதிலிருந்து எல்லோருக்கும் நல்ல சம்பளம் தருவது திட்டம். அவர் சொன்ன முக்கியமான காரணம் எனக்குப் பிடித்திருந்தது: பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் கிடைக்கிறது, அடுப்படியில் வேகிறவருக்கு எதுவும் இல்லை. ஆனால் பக்கத்துக் கடைகளில் விலை குறைவாகத் தெரிந்தது, டிப்ஸில் கூடுதலாகச் சம்பாதித்துப் பழகிய ஊழியர்கள் விலகிப் போனார்கள். 2020இல் அவர் டிப்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார். இதைத் தோல்வி என்று சொல்லிச் சிலர் மகிழ்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு கடை மட்டும் தனியாக நல்லதைச் செய்ய முயன்றால் சந்தை அதைத் தண்டிக்கிறது. எல்லோருக்கும் ஒரே விதி இருந்தால்தான் நிற்கும். பிரான்சில் 1987 முதல், உணவகத்தில் எழுதி வைத்திருக்கும் விலையிலேயே சேவைக்கான தொகையும் அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அங்கே மேஜையில் விட்டுச்செல்லும் சில்லறை உண்மையாகவே மேலதிகம்தான், அதை நம்பி யாரும் வீட்டு வாடகை கட்ட வேண்டியதில்லை.

இப்போது எனக்கு மிகவும் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். "நன்றாகச் செய்தால் கொடுப்பேன், இல்லாவிட்டால் கொடுக்க மாட்டேன். அப்போதுதானே ஒழுங்காக வேலை செய்வார்கள்?" இதைச் சொல்லாத வீடே இல்லை. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் உண்மையில் அப்படிக் கொடுப்பதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்தவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனமானது என்பதுதான் அவர் கண்டது. வேறு எதைப் பார்த்துக் கொடுக்கிறோம்? அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்சிப் பயணங்களை வேறு சில ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். கறுப்பின ஓட்டுநர்களுக்கு வெள்ளையின ஓட்டுநர்களைவிடச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைவாக டிப்ஸ் கிடைத்திருந்தது. ஒரு முதலாளி இனத்தைப் பார்த்துச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் வழக்குப் போடலாம். வாடிக்கையாளர் குறைத்தால் யார் மேல் வழக்குப் போடுவது?

பெண் ஊழியர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அன்றைய வருமானத்தில் பெரும்பகுதி எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் மனநிலையைப் பொறுத்தது என்றால், அவர் கையைப் பிடித்து இழுத்தாலும், அசிங்கமாகப் பேசினாலும், சிரித்துச் சமாளித்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. முகம் சுளித்தால் பணம் போய்விடும். சம்பளம் முழுதாக வருகிற வேலையிலும் இந்தத் தொல்லை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே தொல்லை கொடுக்கிறவரே சம்பளமும் கொடுக்கிறவராக இருப்பதில்லை.

அதனால்தான் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள் என்கிறேன். உங்களுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பில்லில் இத்தனை சதவீதம் என்றோ, ஒரு தடவைக்கு இவ்வளவு என்றோ. வேலையில் குறை இருந்தால் வாயால் சொல்லுங்கள், மரியாதையாகச் சொல்லுங்கள். தாமதமானதற்குக் காரணம் பெரும்பாலும் அவராக இருக்காது. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலைக்கு ஒருவரை நிறுத்தியிருப்பார்கள். அந்தக் குறையை மேலாளரிடம் சொன்னால் ஆள் கூட்டுவதற்காவது வாய்ப்பு உண்டு.

அப்புறம் இந்தச் செயலிகள். பொருள் வந்து சேர்வதற்கு முன்பே, ஏன், யார் கொண்டுவருவார் என்று தெரிவதற்கு முன்பே டிப்ஸ் கேட்கிறார்கள். முன்கூட்டியே கூடுதலாகப் போட்டால்தான் வண்டி வரும் என்றால் அது ஏலம். அதை விலையில் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. அமேசான் நிறுவனம், சொந்த வண்டியில் பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தன் 'ஃப்ளெக்ஸ்' ஓட்டுநர்களிடம் வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் நூறு சதவீதமும் உங்களுக்கே என்று வாக்குக் கொடுத்திருந்தது. 2016இன் இறுதியிலிருந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அந்த டிப்ஸின் ஒரு பகுதியை ஓட்டுநருக்குத் தர வேண்டிய அடிப்படைத் தொகைக்கே பயன்படுத்திக்கொண்டது என்பது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2021இல் 6 கோடியே 17 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. நல்ல மனதோடு பொத்தானை அழுத்தியவர்களில் எத்தனை பேருக்கு அப்போது இது தெரிந்திருக்கும்?

அட்டை தேய்க்கும் கருவியின் திரையில் 18, 20, 25 சதவீதம் என்று வரிசையாகக் காட்டி, பின்னால் நிற்பவர்கள் பார்க்க நம்மை அழுத்தச் சொல்வதும் பெருகிவிட்டது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது 72 சதவீதம் பேர், ஐந்து ஆண்டுகளுக்கு முன்பைவிட அதிக இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கிறார்கள் என்றார்கள். யாருமே சேவை செய்யாத இடத்தில் இயந்திரம் கேட்டால் 'வேண்டாம்' என்பதை அழுத்துங்கள். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த எரிச்சலைக் கொண்டுபோய், அடுத்த இடத்தில் அறையைச் சுத்தம் செய்கிறவர்மேல் காட்டாதீர்கள்.

அறை என்றதும் சொல்லிவிடுகிறேன். கண்ணில் படுகிறவருக்குத்தான் நாம் கொடுக்கிறோம். விடுதியில் கதவைத் திறந்துவிடுபவருக்குக் கிடைக்கிறது, நாம் வெளியே போன பிறகு வந்து குளியலறையைக் கழுவுபவருக்குக் கிடைப்பதில்லை. இன்று சுத்தம் செய்தவரே நாளையும் வருவார் என்று இல்லை. அதனால் கடைசி நாளில் மொத்தமாக வைக்காமல், தினமும் காலையில், 'அறையைச் சுத்தம் செய்பவருக்கு' என்று ஒரு தாளில் எழுதி அதன்மேல் பணத்தை வையுங்கள். எழுதாவிட்டால் மறந்துபோன பணம் என்று நினைத்து அவர் தொடவே மாட்டார். தொட்டால் திருட்டுப் பழி வருமோ என்ற பயம் அவருக்கு உண்டு.

மற்ற இடங்களில் முடிந்தவரை ரொக்கமாக, கையில் கொடுங்கள். பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால், "இது உங்களுக்கு வருமா?" என்று அவரிடம் மெதுவாகக் கேளுங்கள், மேலாளர் காதில் விழாமல். அவர் தயங்கினாலே பதில் தெரிந்துவிடும். அப்புறம் மேலாளரிடம் நீங்களாகவே கேட்பதுபோல், அந்தக் கட்டணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று கேளுங்கள். ஊழியரின் பெயரை இழுக்காதீர்கள்.

இந்தக் கேள்வியைச் சட்டமே கேட்கும்படி செய்ய முடியும். பிரிட்டனில் 2009 அக்டோபரிலிருந்து டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2024 அக்டோபர் 1 முதல் இன்னொரு சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. வாடிக்கையாளர் தந்த டிப்ஸும் சேவைக் கட்டணமும் பிடித்தம் இல்லாமல், நியாயமாகப் பிரிக்கப்பட்டு, அடுத்த மாத முடிவுக்குள் ஊழியர்களிடம் சேர வேண்டும். எப்படிப் பிரிக்கிறோம் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். ஊழியர் கணக்குக் கேட்டால் காட்ட வேண்டும். ஏமாற்றினால் தீர்ப்பாயம் போகலாம். சம்பளம் தனி, டிப்ஸ் தனி என்று கோடு கிழித்துவிட்டால் டிப்ஸில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு நன்றி சொல்ல ஆசைப்படுவதை நான் ஏன் தடுக்க வேண்டும்?

இந்த அரங்கில் தொழில் நடத்துகிறவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். பணம் கட்டும் இடத்தில், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி இரண்டு வரி எழுதி வையுங்கள்: எங்கள் ஊழியர்களுக்கு டிப்ஸ் இல்லாமலே முழுச் சம்பளம் தருகிறோம், நீங்கள் தருகிற டிப்ஸ் முழுவதும், சமையல் செய்பவர் பாத்திரம் கழுவுபவர் உட்பட, இன்னின்ன கணக்கில் அவர்களுக்கே போகிறது. எழுத முடிந்தவர்கள் நாளைக்கே எழுதிவிடலாம். முதல் வரியை இப்போது எழுத முடியாதவர்கள், அதை எழுத மாதம் எவ்வளவு கூடுதலாகத் தேவைப்படும் என்று இன்று இரவு கணக்குப் போட்டுப் பாருங்கள்.