உடையவன் பார்க்கப் போக பஸ் வேண்டாமா?

(மூத்த குடிமக்கள் சங்கக் கூட்டத்தில் ஜூன் 15 அன்று பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, இன்னொரு கூட்டம் இருந்தும் வந்து குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் போன கோட்டாட்சியர் அவர்களே (அவர் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், உதவியாளர் முன் வரிசையில் இருக்கிறார்), அரசு மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, எங்கள் வார்டு கவுன்சிலர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த முதலாளி அவர்களே, கரண்டுக்கு மட்டும் தனியாகக் காசு கேட்ட அவருடைய மேனேஜர் அவர்களே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் ஒன்பது பொன்னாடை எண்ணினேன். அடுத்த வருடம் ஒன்பது படுக்கை விரிப்பு வாங்கி ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று தலைவரிடம் காதோடு சொன்னேன். அவர் போர்த்திக்கொண்டே தலையாட்டினார்.

நான் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் விசில் ஊதியவன். அதனால் எதைப் பேசினாலும் கடைசியில் பஸ்ஸில்தான் வந்து நிற்கும். முன்கூட்டியே மன்னித்துவிடுங்கள்.

இன்று முதியோர் மீதான கொடுமையைப் பற்றி விழிப்பு உண்டாக்கும் நாள். 2011இல் ஐ.நா. சபை ஏற்றுக்கொண்ட நாள். வீட்டில் நடப்பதைப் பற்றி டாக்டர் அம்மா பேசிவிட்டார். காசு கொடுத்துச் சேர்க்கிற முதியோர் இல்லங்களில் நடப்பதை நான் பேசுகிறேன். ஐந்து விஷயம் எழுதி வந்திருக்கிறேன். சந்தேகம் எப்படி வரும், வந்ததும் என்ன செய்யக் கூடாது, யாரிடம் போவது, சட்டம் என்ன சொல்கிறது, இல்லம் நடத்துகிறவர்களின் கஷ்டம் என்ன. எங்கள் பக்கம் வயல்காரர்கள் சொல்வார்கள், உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்று. ஐந்துக்கும் அதுதான் அச்சாணி.

சரி, முதல் விஷயத்துக்கு என் பெரியம்மா கதையே போதும்.

பெரியம்மா மகன் மஸ்கட்டில் இருக்கிறான். மாதம் பிறந்தால் பெரியம்மா இருந்த இல்லத்துக்குப் பதினாலாயிரம் ரூபாய் ஜிபே-யில் போய்விடும். நான் உள்ளூர்க் காவல்காரன். காவல் என்றால் என்ன? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு போன். "பாட்டி நல்லா இருக்காங்க சார், இப்பத்தான் தூங்கினாங்க." மாதத்தில் ஒரு ஞாயிறு நேரிலும் போவேன். வருகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போவேன். பெரியம்மா தலைவாரி, பவுடர் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டீ கூட வரும். எனக்கு அதில் பெருமை வேறு.

ஒரு புதன்கிழமை பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் என் பழைய டிரைவர் சொந்தம். பந்தியில் இரண்டாவது ஜாங்கிரி வைத்தார்கள். எனக்கு சர்க்கரை. ஒன்றே திருட்டுத்தனம், இரண்டாவதை என்ன செய்வது? பெரியம்மாவுக்கு ஜாங்கிரி என்றால் உயிர். இலை நறுக்கில் சுற்றி, மேல்துண்டில் முடிந்துகொண்டு கிளம்பினேன். பஸ் கிடையாது. ஆட்டோக்காரர் போக வர, காத்திருக்க, ஐந்நூறு கேட்டார். ஜாங்கிரி இருபது ரூபாய், அதைக் கொண்டுபோக ஐந்நூறா என்று கோபத்தில் வெயிலில் நடந்தேன். மூன்றரை கிலோமீட்டர். நடந்ததால் வண்டிச் சத்தமில்லை. கேட்டில் ஆளும் இல்லை. நேராக உள்ளே போனேன்.

மணி இரண்டு. பெரியம்மா கட்டிலில் இருந்தார். ஒரு கை, கட்டில் கம்பியோடு துண்டால் கட்டியிருந்தது. மறு கையில் வளையல் முழங்கை வரை ஏறிக் கிடந்தது. அவ்வளவு இளைத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் முழுக்கை ரவிக்கை போட்டு உட்கார வைத்ததில் எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் டம்ளர் நிறைய இருந்தது, ஜன்னல் மேடையில், எட்டாத தூரத்தில். குதிகாலில் காசு அகலத்துக்குப் புண். ஆயா உள்ளே வந்ததும் பெரியம்மா சொன்ன முதல் வார்த்தை, "நல்லா பாத்துக்கறாங்கடா." ஆயா வெளியே போனதும் சொன்ன இரண்டாவது வார்த்தை, "தண்ணி."

நான் என்ன செய்தேன்? கத்தினேன். கூட்ட நேரத்தில் படிக்கட்டில் தொங்குகிறவனைக் கத்துவது மாதிரி கத்தினேன். துண்டை நானே அவிழ்த்தேன். போட்டோ எடுக்கவில்லை. மணி, தேதி எதையும் குறிக்கவில்லை. ஆயாவைத் திட்டினேன். மறுநாள் இல்லத்திலிருந்து போன் வந்தது. இரண்டு நாளில் பாட்டியை அழைத்துப் போய்விடுங்கள், ஆயாவை நிறுத்திவிட்டோம் என்றார்கள். அதோடு அவர்கள் கணக்கு முடிந்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில் "ஆதாரம் இருக்கா?" என்றார்கள். என்னிடம் நசுங்கிய ஜாங்கிரிதான் இருந்தது.

சில மாதம் கழித்து அந்த ஆயாவைச் சந்தையில் பார்த்தேன். "நான் ஒருத்திதான் சார். இருபத்தாறு பேர். ஒரு பாட்டி எழுந்து விழுந்திடுச்சின்னா என்னைத்தானே கேப்பாங்க" என்றார். கட்டியது தப்புதான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரே ஆயாவை வைத்து இருபத்தாறு பேரிடம் பணம் வாங்கியவர் மேல் என் கத்தல் படவே இல்லை. கவனிப்பு இல்லங்களில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு பேர், முந்தைய ஒரு வருடத்தில் ஏதோ ஒரு விதத்தில் முதியவர்களைத் துன்புறுத்தியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்றில் இரண்டு பேரும் கொடியவர்களாகவா இருப்பார்கள்? உடையவன் பாராப் பயிர் உருப்படாது. வேலையாளை மட்டும் நொந்து என்ன பயன்?

இதிலேயே இரண்டாவது விஷயமும் வந்துவிட்டது. கத்தக் கூடாது. மூன்றாவதற்கு வருகிறேன்.

சந்தேகம் போதும், நிரூபிக்கும் வேலை நம்முடையது அல்ல. உயிருக்கு ஆபத்து என்றால் 108. அடி, உதை என்றால் 112. மற்றபடி பெரியவரைத் தனியாகப் பேசவிட வேண்டும். ஆயாவோ மேலாளரோ பக்கத்தில் இருந்தால் "நல்லா பாத்துக்கறாங்க" தவிர வேறு வராது. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, தேதி, மணியோடு நோட்டில் எழுதுங்கள். அவர் சம்மதித்தால் போட்டோ. புண் இருந்தால் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் நடந்ததைச் சொல்லுங்கள், காயம் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் ஏறினால் அந்த ஏ.ஆர். காப்பி பிறகு நூறு வாய்க்குச் சமம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு லேசாக இடித்தாலே கன்றிப்போகும் என்று டாக்டர் அம்மா எனக்கு முன்பே எச்சரித்திருக்கிறார். அதனால் கன்றியது எல்லாம் அடி அல்ல. ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தார்களா என்பதை வால் எலும்பிலும் குதிகாலிலும் வருகிற புண் சொல்லிவிடும்.

அப்புறம் 14567. மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண். எல்லோரும் செல்போனை எடுத்து இப்போதே பதிந்துகொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன். எழுத்தில் புகார் என்றால் மாவட்ட சமூக நல அலுவலர். போலீஸ் நிலையத்தில் மனு கொடுத்தால், மனுவைப் பதிந்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள். டிக்கெட் வாங்காமல் பஸ் ஏறுகிற மாதிரி அது. வக்கீலுக்குக் காசு இல்லையா? 15100, சட்டப் பணிகள் ஆணைக்குழு.

சட்டத்தைப் பற்றி நிறைய எழுதி வந்தேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும். தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரைப் பராமரிக்கிறேன் என்று சட்டப்படி ஒப்பந்தம் போட்டுவிட்டு வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் குற்றம் என்று 1860ஆம் வருடத்து இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது, 491ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். டிக்கெட் இல்லாமல் வந்தால் 500 என்று பஸ்ஸில் எழுதி வைத்திருக்கிறோம்! 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகுதான் அது 357ஆம் பிரிவாகி 5,000 ரூபாய் ஆனது. சேர்க்கும்போது எழுதிக் கையெழுத்து போட்ட ஒப்பந்தத்தைப் பத்திரமாக வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள்.

நம் ஊரைச் சுற்றி உள்ள இல்லங்கள் எங்கே இருக்கின்றன? நிலம் மலிவான இடத்தில். பைபாஸ் தாண்டி, செங்கல் சூளை தாண்டி. யார் போய்ப் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் மகள்களும் மருமகள்களும். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், நான் கைதட்டுகிறேன். ஆனால் பஸ்ஸே போகாத ஊருக்கு இலவச டிக்கெட் எதற்கு? ஐந்நூறு ரூபாய் ஆட்டோ வைத்து மாதம் ஒருமுறை, அதுவும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அந்த ஞாயிறு பவுடர் போடப்படும். வாரத்தில் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நேரத்தில் யாரோ ஒருவருடைய மகள் இறங்குவாள் என்று தெரிந்தால், துண்டு துவைக்கிற கொடியில் இருக்கும், கட்டில் கம்பியில் இருக்காது. உடையவன் பாராப் பயிர் உருப்படாது, ஒப்புக்கொள்கிறேன். உடையவன் வயலுக்குப் போக வரப்பு வேண்டுமா இல்லையா?

2025இல் புதிய மினி பஸ் திட்டத்தைத் தஞ்சாவூரில் தொடங்கினார்கள். பஸ் போகாத பகுதிகளுக்காகவே வந்த திட்டம். நான் தடம் வரைந்து வைத்திருக்கிறேன்: பஸ் ஸ்டாண்டு, அரசு மருத்துவமனை, ரயில்வே கேட், பைபாஸ், சூளை, மூன்று இல்லங்களும் ஒரே கோட்டில். ஒன்பது கிலோமீட்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறுவார்கள், நஷ்டம் வராது. பெர்மிட் கொடுக்கிற வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். 2007ஆம் வருடத்து முதியோர் பராமரிப்புச் சட்டத்தில் மேல்முறையீட்டைக் கேட்பவரும் அவர்தான். இரண்டு கோப்பும் ஒரே மேசைக்குத்தான் போகும்.

கவுன்சிலர் அவர்கள் வருகிற திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு எங்களோடு வருவதாகப் போன மாதம் சொன்னார். இத்தனை பேர் முன்னால் ஞாபகப்படுத்துகிறேன்.

ஐந்தாவது விஷயம், இல்லம் நடத்துகிறவர்களின் கஷ்டம். நேர்மையாக நடத்துகிறவர் ஒருவர் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என்னைவிட அவரே நன்றாகச் சொல்வார். ஆனால் தலைவர் மணி அடித்துவிட்டார். கண்டக்டருக்கே மணியா!

மனு இடது பக்கத்திலிருந்து வருகிறது. பேர், வயது, கையெழுத்து. பேனா எழுதவில்லை என்றால் மேனேஜரைக் கேளுங்கள், அதற்குக் காசு வாங்க மாட்டார். வணக்கம்.