ஸ்ட்ரைக்கர் கைக்குத் திரும்பி வராத ஆட்டம்

வணக்கம் மக்களே. குரல் சரியாகக் கேட்கிறதா? கீழே துணி மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள், நடுநடுவே தொம் தொம் என்று சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக காசிமேட்டில் மீன், தங்கசாலையில் சாப்பாடு என்று ஏதாவது காட்டிக்கொண்டிருப்பேன். இன்றைக்குச் சாப்பாடு கிடையாது. ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் வீடியோவில் வரமாட்டார். கேட்டுப் பார்த்தேன். "என் மூஞ்சிய வெச்சிக்கினு இன்னாடா பண்ணப் போறே, டேபிள காட்டு" என்று சொல்லிவிட்டார். சரி, டேபிளைக் காட்டுகிறேன்.

இடம் பழைய வண்ணாரப்பேட்டை. எம்.சி. ரோட்டை ஒட்டி ஒரு சந்து. கீழே மொத்தத் துணி வியாபாரம், மேலே இந்தப் பூல் பார்லர். பூல் என்றால், ஸ்டிக்கால் வெள்ளைப் பந்தை அடித்து, அது போய் முட்டுகிற கலர் பந்தை டேபிள் ஓரத்துப் பாக்கெட்டில் போடுகிற ஆட்டம். புதுத் துணி வாசனையும் சாக் தூளும் கலந்து ஒரு மாதிரி மணம் வரும். எங்கே போனாலும் அந்த வாசனை வந்தால் எனக்குக் கை தானாக ஸ்டிக் பிடிக்கிற மாதிரி மடங்கும். அப்படிப் பழகிவிட்டது.

அவரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நம்ம பக்கம் நைனா என்றால் அப்பாவும் உண்டு, மரியாதைக்குரிய பெரியவரும் உண்டு, திட்டப் போகிறவனை முதலில் கூப்பிடுவதும் அப்படித்தான். இவர் விஷயத்தில் மூன்றுமே பொருந்தும். வயது 77. பார்லர் முதலாளி அவர் இல்லை. காலையில் வந்து டேபிள் துடைப்பார், ஸ்டிக் முனையில் தோல் ஒட்டுவார், பையன்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுப்பார். ஓனர் பேட்டா கொடுப்பார். எங்களிடம் அவர் ஒரு ரூபாய் வாங்கினது கிடையாது.

எனக்குச் சொந்த ஊர் கல்மண்டபம். நான் கேரம் பையன். வடசென்னையில் கேரம் ஆடாமல் வளர முடியுமா? மரிய இருதயம் சார் இரண்டு தடவை உலக சாம்பியன், 1996ல் அர்ஜுனா விருது வாங்கினவர். வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன். 2024 நவம்பரில் அமெரிக்கா போய் மூன்று தங்கம் வாங்கி வந்தாரே காசிமா, அவர் வீடு இங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை, புதுவண்ணாரப்பேட்டை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். இப்படிப்பட்ட ஏரியாவில் தெருமுனை கிளப்பில் நாலு பேரை ஜெயித்துவிட்டு, பூல் என்ன பெரிய பூல் என்று பதினெட்டு வயதில் இந்தப் படி ஏறி வந்தேன்.

முதல் நாளே மானம் போனது. ஸ்டிக் முனையில் நீலக் கட்டி ஒன்றைத் தேய்ப்பார்களே, சாக், அதை நான் கேரம் பவுடர் மாதிரி நினைத்துவிட்டேன். வழுக்குவதற்குத்தானே போடுகிறார்கள் என்று கட்டியை டேபிள் துணியிலேயே தேய்க்கப் போனேன். மூலையில் உட்கார்ந்திருந்த நைனா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "டேய் நைனா, அது வழுக்குறதுக்கு இல்ல. பிடிக்கிறதுக்கு."

உண்மை அதுதான். பவுடர் உராய்வைக் குறைக்கும், சாக் உராய்வைக் கூட்டும். தோல் முனை பந்தின் மேல் சறுக்காமல் ஒரு நொடி கவ்விப் பிடிக்க வேண்டும். பேர்தான் சாக், பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புக் கட்டி கிடையாது. சாணைக்கல் தூள் வகை. அமெரிக்காவில் 1897லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். சாக் போடாமல் பந்தின் ஓரத்தில் அடித்தால் முனை நழுவி டிக்கென்று ஒரு கேவலமான சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் நைனா பார்க்கக்கூட மாட்டார், தலையில் அடித்துக்கொள்வார்.

அதற்கப்புறம் ஒரு ஆட்டம் ஆடினேன். நாலு பந்து போட்டேன், கேரம் கண் இருந்ததால் கோணம் தெரிந்தது. ஐந்தாவது போட முடியவில்லை. வெள்ளைப் பந்து போய் எதிரி பந்துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. திரும்பிப் பார்க்கிறேன், நைனா சிரிக்கிறார். அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் இந்த வீடியோவுக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன். "கேரம்ல ஸ்ட்ரைக்கர் எங்க போனாலும் உன் கைக்கே திரும்பி வந்துடும். நீ வேண்டிய இடத்துல வெச்சி அடிப்பே. இங்க வராது. வெள்ளைய நீ எங்க விட்டியோ, அங்க இருந்துதான் நீ அடிக்கணும்."

இதுதான் மக்களே இரண்டு ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். பத்து வருஷம் கேரம் ஆடின எனக்கு அது தோன்றவே இல்லை. பந்து போடுகிறோமா என்பது பாதி ஆட்டம்தான். போட்ட பிறகு வெள்ளை எங்கே நிற்கிறது என்பதுதான் மீதி.

அடுத்த மூன்று மாதம் எனக்கு ஆட்டமே கிடையாது. வெறும் டேபிள், ஒரு வெள்ளை, ஒரு கலர் பந்து, அப்புறம் ஒரு பழைய ஒரு ரூபாய்க் காசு. அந்தக் காசை டேபிளில் எங்கேயாவது வைப்பார். கலர் பந்து பாக்கெட்டுக்குப் போக வேண்டும், வெள்ளை காசில் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஒரு பேப்பர் துண்டு வைத்தால் போதாதா, எதற்குக் காசு என்று ஒரு நாள் கேட்டேன். "பேப்பர் பேசாது" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை.

நேராக அடித்தவுடன் வெள்ளை அப்படியே செத்து நிற்க வேண்டும் என்றால், நடுவுக்குச் சற்றுக் கீழே அடிக்க வேண்டும். பந்து பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே வழுக்கிப் போகும், துணி அந்தச் சுற்றைத் தின்றுகொண்டே வரும், சுற்று தீர்ந்துபோகிற அந்த இடத்தில் கலர் பந்து இருந்தால் வேகம் மொத்தமும் அதற்குப் போய்விடும். வெள்ளை நின்றுவிடும். தூரம் கூடினால் இன்னும் கீழே, இல்லையென்றால் இன்னும் வேகமாக. அதே அடியைச் சாய்த்து அடித்தால் இரண்டு பந்தும் ஒன்றுக்கொன்று எல் எழுத்து மாதிரி, 90 டிகிரியில் பிரியும். வெள்ளை உருண்டுகொண்டே போய் முட்டினால் அப்படிப் பிரியாது, பாதிப் பந்து மட்டும் படுகிற அடியில், வந்த வழியிலிருந்து சுமார் 30 டிகிரிதான் விலகும். இதையெல்லாம் நான் பிற்பாடு தேடிப் படித்தேன். நைனா டிகிரி சொன்னதே இல்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டுவார். "இப்டி போவும்." போகும்.

அவருக்கு இது எங்கிருந்து வந்தது என்றால், பதினாலு வயதில் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பழைய கிளப்பில் பந்து பொறுக்கிக்கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தவர். அப்புறம் மார்க்கர். மெம்பர்கள் பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் என்று பூல் மாதிரியே ஸ்டிக், பந்து ஆட்டங்கள் ஆடுவார்கள், இவர் சுவரோரமாக நின்று ஸ்கோர் சொல்ல வேண்டும், ஸ்டிக் எடுத்துக்கொடுக்க வேண்டும், டேபிள் அயர்ன் பண்ண வேண்டும். ஆமாம், ஸ்நூக்கர் டேபிள் துணியை இஸ்திரி போடுவார்கள். அந்தத் துணியில் மயிர் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும், பிரஷ்கூட அந்தத் திசையில்தான் போட வேண்டும். பூல் துணியில் அந்த மயிர் கிடையாது, எந்தப் பக்கம் துடைத்தாலும் ஒன்றுதான். நைனா இன்றைக்கும் ஒரே பக்கமாகத்தான் துடைக்கிறார். முழங்கை மடக்காமல், ஒரே இழுப்பு, திரும்ப ஆரம்பத்துக்குப் போய் மறுபடி ஒரே இழுப்பு. அறுபது வருஷப் பழக்கம்.

அங்கே மார்க்கர் ஆடக் கூடாது. மெம்பர்கள் எல்லாம் போன பிறகு, ராத்திரி, ஒரு விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு ஆடிப் பழகியிருக்கிறார். 1958ல் வில்சன் ஜோன்ஸ் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஆனார், எந்த விளையாட்டிலும் தனியாக உலகப் பட்டம் வாங்கின முதல் இந்தியர் அவர். கிளப்பில் அதைப் பல வருஷம் பேசிக்கொண்டே இருந்தார்களாம். ஸ்நூக்கரே நம்ம நாட்டில், ஜபல்பூரில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் 1875ல் தொடங்கியது, சட்டதிட்டம் எழுதி மாட்டினது நம்ம ஊட்டியில் என்று யாராவது புதுசாக வந்தால் நைனா கண்டிப்பாகச் சொல்வார். பூல் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. பூல் பந்து 57 மில்லிமீட்டர், ஸ்நூக்கர் பந்து 52.5. பந்து பெரிசு, டேபிள் சின்னது, மூலைப் பாக்கெட் வாயில் கிட்டத்தட்ட இரண்டு பந்து சேர்ந்து நிற்கும். "இது பாக்கெட்டா பக்கெட்டா?" என்பார். ஆனால் அந்த பக்கெட்டில் நாங்கள் ஒரு பந்தைத் தவறவிட்டால் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே.

சரி, ஒரு அசிங்கமான கதை. சொல்லாமல் விட்டால் நன்றி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருபது வயதில் கொஞ்சம் ஆட வந்ததும் வேறு ஒரு பார்லருக்குப் போய்க் காசு கட்டி ஆடினேன். முதல் இரண்டு ஆட்டம் ஜெயிக்க விட்டார்கள். அது விட்டதென்று புரியாத வயசு. அக்காவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஃபீஸ் என் கையில் இருந்தது, 4,500 ரூபாய். ஒரே சாயந்திரத்தில் போனது. யார் சொன்னார்களோ, மறுநாள் நைனாவுக்குத் தெரிந்திருந்தது. திட்டினாலாவது பரவாயில்லை. என் கையிலிருந்து ஸ்டிக்கை வாங்கி ஸ்டாண்டில் வைத்தார். ஒரு ஸ்டூலைக் காட்டினார். ஸ்கோர் போர்டுக்குப் பக்கத்தில்.

இரண்டு மாதம் நான் மார்க்கர். மற்றவர்கள் ஆட, நான் உட்கார்ந்து மார்க் போட வேண்டும், பந்து அடுக்க வேண்டும், வியர்வைக் கை பட்ட பந்தைத் துடைக்க வேண்டும். முதல் வாரம் அழுகையே வந்தது. மூன்றாவது வாரத்தில்தான் ஒரு விஷயம் கவனித்தேன். ஆடுகிறவன் பந்தைப் பார்க்கிறான், நான் வெள்ளையைப் பார்க்கிறேன். எவன் எங்கே அவசரப்படுகிறான், எவன் அடித்தவுடனே உடம்பைத் தூக்கிவிடுகிறான், எல்லாம் ஸ்டூலில் இருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. சுவரோரமாக நின்ற அத்தனை வருஷமும் நைனா இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தண்டனை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் நான். அக்காவிடம் காசு போன கதையைச் சொல்ல வைத்ததும் அவர்தான். கன்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட் சேர்ந்து திருப்பிக் கொடுத்தேன். அந்த வேலைதான் இன்றைக்கும் சோறு போடுகிறது.

நன்றி சொல்ல நான் முயற்சி செய்யாமல் இல்லை. தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் கீழ்க்கடை வாட்ச்மேன் அதைப் போட்டுக்கொண்டு எனக்கே வணக்கம் வைக்கிறார். ஏரியா டோர்னமென்டில் ஒரு கப் ஜெயித்து அவர் கையில் கொடுத்தேன். இதோ பாருங்கள், இந்த கப். உள்ளே சாக் கட்டி போட்டு வைத்திருக்கிறார். ஒரு தடவை தைரியம் வந்து, "நைனா, நீங்க இல்லாட்டி..." என்று ஆரம்பித்தேன். "டீ சொல்லுடா" என்றார். அதோடு முடிந்தது. அதனால்தான் கேமராவிடம் சொல்கிறேன். பையன்கள் எப்படியும் அவருக்குப் போட்டுக் காட்டுவார்கள், நாளைக்கு எனக்கு அர்ச்சனை நிச்சயம்.

நாளைக்கு இல்லை, நாளை மறுநாள். நாளைக்கு எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. கண்புரை. ஒரு வருஷமாகவே இருந்திருக்கிறது, சொல்லவில்லை. டியூப் லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று போன மாதம் பேச்சுவாக்கில் சொன்னார். துருவிக் கேட்டால், "ரெண்டு வெள்ளை தெரியுதுடா. எது நெசம்னு அடிச்ச பிறகு சத்தத்துல கண்டுபுடிக்கிறேன்" என்கிறார். எங்களுக்கு ஒரு வருஷமாகத் தப்புத் திருத்தினதெல்லாம் காதால்தான் போல. முனை நடுவில் பட்டதா ஓரத்தில் பட்டதா, சாக் போட்டானா இல்லையா, டேபிள் ஓரத்து ரப்பர் குஷனில் அழுத்தி முட்டியதா உரசியதா. மிக்ஜாம் புயல் நேரத்தில் நாலு நாள் கரண்ட் இல்லாமல் துணியெல்லாம் ஈரம் குடித்துப்போய், பந்து சேற்றில் ஓடுகிற மாதிரி ஓடியது. அப்போதும் இருட்டில் உட்கார்ந்து, "குறைச்சி அடிச்சிட்டே" என்று சரியாகச் சொன்னார். நான்தான் அதை அனுபவம் என்று நினைத்துக்கொண்டேன். கண் அப்போதே மங்க ஆரம்பித்திருக்கலாம்.

நேற்று சாயந்திரம் கூட்டம் இல்லை. "காசு எடுத்து வை" என்றார். வைத்தேன், நடு டேபிளில். ரொம்ப நாளைக்குப் பிறகு அவரே ஸ்டிக் எடுத்தார். இடது கை துணி மேல் நடுங்கியது, ஊன்றியதும் நின்றுவிட்டது. வலது கை இன்னும் ஊசல் மாதிரிதான் போய் வருகிறது. அடித்தார். மூணாம் நம்பர் பந்து மூலைப் பாக்கெட்டில் விழுந்தது. வெள்ளை உருண்டு வந்து காசுக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிட்டது.

"எங்க நின்னுச்சு?"

"காசு மேலதான் நைனா."

அவர் ஸ்டிக்கைக் கீழே வைக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"காசு பேசலியேடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பந்து காசைத் தொட்டால் டிக்கென்று ஒரு சின்னச் சத்தம் வரும். பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், காதில் வாங்கியதில்லை.

"நாலு விரல் முன்னாடி" என்றேன்.

"அத மொதல்ல சொல்லு" என்று சொல்லிவிட்டு, சாக் எடுக்க கப்புக்குள் கையை விட்டார். "திரும்ப வை."

வைத்தேன். ஒன்பது மணிக்கு ஓனர் ஷட்டர் இறக்க வருகிற வரைக்கும் வைத்துக்கொண்டே இருந்தேன். சரி மக்களே, காலையில் ஆறரைக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன், சாப்பிடாமல் வரச் சொல்லியிருக்கிறார்களா என்று அந்தச் சீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும். வருகிறேன்.