தரங்கம்பாடியில் இரண்டு இரவு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முதுகில் பையை மாட்டிக்கொண்டு நண்பர்களோடு ஊர் சுற்றிய கதையைப் பேசச் சொன்னார்கள். "எங்க சார் போனீங்க, இமயமலையா?" என்று நிலையத்து நண்பர் ஆசையாகக் கேட்டார். தரங்கம்பாடி என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. "அது ஒரு மணி நேரத்துல பாத்துட்டு வந்துடற ஊராச்சே?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. காரில் வருகிறவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். கோட்டை, கோயில், தேவாலயம், கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு செல்ஃபி. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். நாங்கள் திரும்பவில்லை. சொல்லப்போனால், திரும்புகிற தெம்பு இல்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நாங்கள் நாலு பேர். எல்லாருக்கும் நாற்பதைத் தாண்டியாயிற்று. ஒருவர் வங்கியில் இருக்கிறார், ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஒருவர் தமிழாசிரியர், நான் நாலாவது. கிளம்புவதற்கு முன்னால் எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் பைகளை நிறுத்துப் பார்த்தோம். வங்கிக்காரர் பை 13 கிலோ. பிரித்தால் உள்ளே இரண்டு போர்வை, காற்றடைத்த தலையணை, ஃபிளாஸ்க், எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில், சின்னதாக ஓர் இஸ்திரிப் பெட்டி. "போற இடத்துல சட்டை கசங்கினா?" என்றார். பட்டறைக்காரர் பை நாலரை கிலோ. இரண்டு சட்டை, இரண்டு கைலி, ஒரு துண்டு, டார்ச், பல்பொடி. அவ்வளவுதான்.

கைலியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆயிரக்கணக்கில் விலை போட்டு என்னென்னவோ பயணச் சாமான் விற்கிறார்கள். கைலிக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. கட்டிக்கொள்ளலாம், விரித்துப் படுக்கலாம், போர்த்திக்கொள்ளலாம், வெயிலில் தலைக்குக் கட்டலாம், அதற்குள்ளேயே நின்று உடை மாற்றலாம். கடற்காற்றில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பஸ். ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. 1926இல் வந்தது, 1986இல் நின்றுவிட்டது. இப்போது பஸ்தான். நாங்கள் ஏறிய பஸ்ஸில் பாதிப் பேர் பட்டுப்புடவையும் பட்டு வேட்டியும். வழியில்தானே திருக்கடையூர் இருக்கிறது! அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம். எங்கள் பைகள் ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது ஒரு சம்பந்தியின் தோளில் இடித்தன. "என்ன தம்பி, வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்பிட்டீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வங்கிக்காரர் பதில் சொல்லவில்லை.

தரங்கம்பாடிக்குள் போகிறவர்களை ஒரு பழைய வாசல் வரவேற்கும். டேனிஷ்காரர்கள் கட்டியது, இப்போது நிற்பது 1792ஆம் ஆண்டுக் கட்டுமானம். அதைத் தாண்டினால் கிங் தெரு கோடு கிழித்தது போல நேராகக் கடலுக்குப் போகிறது. 1701இல் எழுந்த சீயோன் தேவாலயமும் 1718இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயமும் இந்தத் தெருவில்தான். தெருக்கோடியில் டான்ஸ்போர்க் கோட்டை.

கோட்டையை எழுப்பியவர் ஓவே கெடே என்ற டேனிஷ் தளபதி. 1618இல் கோபன்ஹேகனில் கப்பலேறி, இலங்கையில் காலூன்றப் பார்த்து அது கைகூடாமல், 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு இங்கே இறங்கியவர். அப்போது அவருக்கு 25 வயது. எங்கள் தமிழாசிரியர் இதைச் சொன்னதும் பட்டறைக்காரர் கேட்டார்: "இருபத்தஞ்சு வயசுல ரெண்டு வருஷம் கப்பல்ல வந்து கோட்டை கட்டியிருக்கான். நாம பஸ்ல வந்ததுக்கே இடுப்பு புடிச்சிக்கிச்சே?" கட்டிய கோட்டையையும் ஊரையும் 225 வருஷம் கழித்து, 1845இல், வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

சரி, தங்குவதற்கு வருவோம். கடலோரத்தில் பழைய பங்களாக்களைச் செப்பனிட்டு நடத்துகிற விடுதிகள் அழகாகத்தான் இருக்கின்றன. வாடகையைக் கேட்டுவிட்டுக் கும்பிடு போட்டோம். கொஞ்சம் தள்ளி ஒரு லாட்ஜ். அங்கே இருந்தவர் எங்கள் நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்து, "ஃபேமிலிக்கு மட்டுந்தான்" என்றார். எங்கள் நாலு பேருக்கும் தனித்தனியாகக் குடும்பம் இருப்பதை வங்கிக்காரர் விளக்கிப் பார்த்தார். எடுபடவில்லை. கடைசியில் கைகொடுத்தது ஒரு டீக்கடை. நாலு டீ, எட்டு வடை முடிந்த பிறகு அந்தக் கடைக்கார அம்மா, "மாடியில கூரை போட்ட எடம் இருக்கு. கொசு இருக்கும், பரவாயில்லையா?" என்றார். இந்த மாதிரி ஊரில் இடம் தேடுகிறவர்கள் முதலில் டீக்கடைக்குப் போங்கள். பசியும் ஆறும், விஷயமும் தெரியும்.

நாலு மணிக்குக் கார்கள் போன பிறகு ஊர் வேறு மாதிரி ஆகிறது. கோட்டை முன்னால் இருந்த ஐஸ்கிரீம் வண்டிகள் கிளம்பிவிட்டன. அந்தத் திடலைப் பையன்கள் கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். கரையில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. மிச்சத்தைக் காக்கப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைமேல் உட்கார்ந்து இரவு எட்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு ஊர்ப் பெயரில் போய் நின்றது. தரங்கம் என்றால் அலை, ஆகவே அலை பாடுகிற ஊர் என்று நான் சொன்னேன். தமிழாசிரியர் விடவில்லை. பாடி என்றால் ஊர், அவ்வளவுதான். அதோடு இந்தக் கோயில் கல்வெட்டே ஊரைச் சடங்கன்பாடி என்றுதான் சொல்கிறது, அலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல்கூட இருக்கலாம் என்றார். பின்னால் அலை பாறையில் மோதிக்கொண்டே இருந்தது. அது என் கட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

கொசு இருந்தது. டீக்கடை அம்மா பொய் சொல்லவில்லை. தூக்கம் வராததால்தான் விடிகாலை நாலரைக்குக் கரைக்குப் போனோம். அதற்காகக் கொசுவுக்கு நன்றி சொல்ல வேண்டும். இருட்டில் கடல் தெரியவில்லை, விளக்குகள்தான் தெரிந்தன. ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை திரும்பின. வலையை மணலில் விரித்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கண்ணியில் மாட்டிய மீனைக் கழற்றுகிறார்கள். செவுளுக்குப் பக்கத்தில் ஒரு விரலைக் கொடுத்து, லேசாக ஒரு திருப்பு, மீன் கையில். செதில் தெறித்து அவர்கள் முழங்கை வரை வெள்ளி ஒட்டியிருந்தது. பட்டறைக்காரருக்குக் கை துறுதுறுத்தது. உட்கார்ந்து முயன்றார். பத்து நிமிஷத்தில் இரண்டு மத்தி கழன்றது, ஒரு கண்ணி அறுந்தது. "தம்பி, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்று மரியாதையாக எழுப்பி அனுப்பினார்கள்.

வெளிச்சம் வந்ததும் ஏலம். கூடை வைத்த பெண்கள்தான் அங்கே ராஜ்யம். தொகை பத்து இருபதாக ஏறுகிறது, ஒரு தலையசைப்பில் முடிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது போனால் இந்தக் கலகலப்பு பாதிதான் இருக்கும், மீன் விலையும் கடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஜனவரி, பிப்ரவரிதான் தோது.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். சுனாமியைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அவராகவே, "அன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்று ஆரம்பித்தார். 2004 டிசம்பர் 26. கடல் உள்ளே வாங்கியதைச் சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "குளிக்கணும்னா அந்தக் கல்லுக்கிட்ட எறங்காதீங்க, சுழி இழுக்கும்" என்றார். நாங்கள் கால் நனைத்ததோடு சரி.

அன்று பகலில் கரையோரமாகவே பூம்புகார் வரை நடப்பதாகத் திட்டம். வீட்டில் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்கும்போது எளிதாகத்தான் இருந்தது. மணலில் பையோடு நடப்பது வேறு. காய்ந்த மணலில் கால் புதைகிறது, ஈர மணலில் கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். சின்னங்குடியோடு கைவிட்டோம். அங்கே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டால் மோர் கொடுத்தார்கள். வங்கிக்காரர் தம் ஊறுகாய்ப் பாட்டிலை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டார். நன்றிக்காக என்றார். எடை குறைக்க என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாம் நாள் காலையில் பொறையாறு பக்கம் போனோம். கடுதாசிப்பட்டறை என்று அங்கே ஓர் இடம் உண்டு. 1706இல் வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தம் அச்சுக்கூடத்துக்காக அமைத்த காகிதப் பட்டறையின் பெயர் அது. தமிழ் எழுத்தை அவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து அளவில் பெரிதாக இருந்ததால் இங்கேயே சின்னதாக வார்த்தார்களாம். ஈயத்துக்குப் பாலாடைக்கட்டி டப்பாவின் மூடியை உருக்கியதாகச் சொல்வார்கள். பட்டறைக்காரர் இதைக் கேட்டு நடுத்தெருவில் நின்றுவிட்டார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். மூடியை எதில் உருக்கினார்கள், அச்சு எதில் செய்தார்கள் என்று பஸ் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பஸ் ஏறும் முன்னால் ஆளுக்கு அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கியிருந்தோம். செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, கைலிக்குள் வைத்துக் கட்டியாயிற்று. வாசனை வராது என்று வங்கிக்காரர் உத்தரவாதம் கொடுத்தார். திருக்கடையூரில் பஸ் நின்றது. கழுத்தில் மாலையோடு, நெற்றி நிறைய விபூதியோடு ஓர் அறுபது வயது மாப்பிள்ளை, பின்னால் பட்டுப்புடவைகள். எங்கள் வரிசைக்கு வந்ததும் எல்லா மூக்கும் ஒரே நேரத்தில் சுருங்கியது. முந்தானைகள் மேலே போயின. நாங்கள் நாலு பேரும் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளை மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவர், மனைவி முன் சீட்டில் அசந்து தூங்கியதும் என் பக்கம் குனிந்து கேட்டார்:

"நெத்திலியா? கிலோ என்ன வெலை சொன்னாங்க?"