சந்தேகங்களுக்கு விளக்கம்: படம் வரைந்தால் கடல் சுத்தமாகிவிடுமா?

சரி, அடுத்த கேள்வி. நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். "மகள் ஒன்பதாம் வகுப்பு. கடல் மாசு பற்றிய போட்டிக்கு ஓவியம் அனுப்பப்போகிறேன் என்கிறாள். படம் வரைந்தால் கடல் சுத்தமாகிவிடுமா? என்ன வரையச் சொல்லலாம்?"

சுத்தமாகாதும்மா. குப்பையை அள்ளினால்தான் சுத்தமாகும். ஆனால் அள்ள வேண்டும் என்று ஒருவருக்கு மனதில் பட வேண்டுமே, அதற்குப் படம் வேண்டும்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே மிட்வே என்று ஒரு தீவு. எந்தக் கண்டத்துக்குப் போவதென்றாலும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கிறிஸ் ஜோர்டன் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 2009-இல் அங்கே இறந்து கிடந்த அல்பட்ராஸ் என்ற கடற்பறவையின் குஞ்சுகளைப் படம் எடுத்தார். உடல் மக்கிப்போய் இறகும் எலும்பும்தான் மிச்சம். வயிறு இருந்த இடத்தில் பாட்டில் மூடிகள், லைட்டர்கள். கடலில் மிதந்ததை இரை என்று நம்பிக் கொண்டுவந்து தாயும் தகப்பனும் ஊட்டியது அது. எதையும் நகர்த்தி வைக்காமல், கிடந்தது கிடந்தபடியே எடுத்திருக்கிறார். முதன்முதலில் அந்தப் படங்களைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளைகள் வழக்கமாக என்ன வரைகிறார்கள்? பாலித்தீன் பைக்குள் ஆமை, கண்ணீர் விடும் பூமி. தப்பில்லை, ஆனால் அது போனில் பார்த்த படத்தைப் பார்த்து வரைவது. உங்கள் மகளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை உங்கள் கன்னியாகுமரிக் கரை வரைக்கும் வந்து ஒதுங்கியது. வாளி, குடம் எல்லாம் இந்த மாதிரிக் குருணையை உருக்கித்தான் செய்கிறார்கள். பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கும். மணலோடு கலந்துவிட்டால் சல்லடை போட்டுச் சலித்தாலும் முழுதாக வராது. மீனுக்கும் பறவைக்கும் அது முட்டை மாதிரித் தெரியும், விழுங்கிவிடும்.

ஒரு சதுர அடி மணலில் உட்கார்ந்து, அதற்குள் கிடப்பதை மட்டும் வரையச் சொல்லுங்கள். சிப்பி, வலைநூல், ஷாம்பு பாக்கெட், குருணை இருந்தால் அதுவும், கண்ணுக்குப் பட்டது எல்லாம். அந்தப் படத்தைப் பார்க்கிற உங்கள் ஊர்க்காரர், 'அட, இது நம்ம கரையாச்சே' என்று நிற்பார். கையுறை போட்டுக்கொள்ளட்டும், வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

எந்தப் போட்டி என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்காவில் பாஸ்டனில் இருக்கும் பவ் சீட் என்ற அமைப்பு, 11 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் கடல் விழிப்புணர்வுப் போட்டி நடத்துகிறது. எந்த நாட்டுப் பிள்ளையும் கலந்துகொள்ளலாம். ஓவியம், கவிதை, இசை, குறும்படம் என்று பல பிரிவுகள். படைப்போடு, இதை ஏன் செய்தேன் என்று எழுதியும் தர வேண்டும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இந்த நிபந்தனைதான். கரைக்குப் போய்வந்த பிள்ளைக்கு அதில் எழுத நிறைய இருக்கும்.

அப்புறம், கிளிட்டர் வேண்டாம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் பொடிப் பிளாஸ்டிக். அக்ரிலிக் பெயிண்டிலும் பிளாஸ்டிக் உண்டு. அதனால் பிரஷ்ஷைக் குழாயில் காட்டுவதற்கு முன் பழந்துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்தத் துணியைக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்லுங்கள்.