டிசம்பர் 22: பெருமை பிறப்பாலே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். டிசம்பர் 22-க்குப் பெருமை சேர்ப்பது அன்று நடந்த நிகழ்ச்சிகளா, 1887-ல் அன்று பிறந்த ராமானுஜனா? ராமானுஜனே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் முதலில் சூரியனைத் துணைக்கு அழைத்தார். ஆண்டிலேயே குறுகிய பகல் டிசம்பர் 22 என்றார். ஐயா, அது சூரியன் தெற்கு எல்லையைத் தொடும் நாள். 2023-ல் தொட்டது நம் நேரப்படி டிசம்பர் 22 காலை 8.57. அடுத்த ஆண்டே அது டிசம்பர் 21 பிற்பகல் 2.50! சூரிய ஆண்டு என்பது 365 நாளும் ஏறத்தாழ 5 மணி 49 நிமிடமும். அந்த மிச்சம் ஆண்டுதோறும் அந்த நேரத்தைத் தள்ளிப்போடும். லீப் நாள் வந்து அதை முந்தைய தேதிக்கு இழுக்கும். தங்காத விருந்தாளியைக் காட்டி வீட்டுக்குப் பெருமை பேசலாமா?

அடுத்து 1964 தனுஷ்கோடிப் புயல். பாம்பனிலிருந்து அந்தப் பாசஞ்சர் ரயில் புறப்பட்டது டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி. கடல் அதை வாரிக்கொண்டபோது தேதி 23 ஆகிவிட்டது. அது அஞ்சலிக்குரிய இரவு. அதைப் பெருமைக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை விட்டாரே, அதற்கு வருகிறேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வரும் எண் கட்டம்தான் மாயச் சதுரம். ராமானுஜன் பெயரில் உலவும் பிறந்தநாள் மாயச் சதுரத்தை எங்கள் அணித் தங்கை சொன்னார். உடனே இவர் எழுந்து, "அது வெறும் வித்தை, எந்தத் தேதியைப் போட்டாலும் வரும்" என்றார். அரங்கமே கைதட்டியது. பார்த்துவிடுவோம். தாளும் பேனாவும் இருப்பவர்கள் எடுங்கள்.

நாலுக்கு நாலு கட்டம். முதல் வரிசையில் நாள், மாதம், ஆண்டின் முன்பாதி, பின்பாதி. 22, 12, 18, 87. கூட்டினால் 139.

இரண்டாம் வரிசையை வலமிருந்து இடமாக நிரப்புங்கள். நாளோடு 3 கூட்டு, 25. மாதத்தில் 3 கழி, 9. முன்பாதியில் 1 கழி, 17. பின்பாதியோடு 1 கூட்டு, 88. மூன்றாம் வரிசை, இடமிருந்து: மாதத்தில் 2 கழி, நாளோடு 2 கூட்டு, பின்பாதியோடு 2 கூட்டு, முன்பாதியில் 2 கழி. நாலாவது: முன்பாதியோடு 1 கூட்டு, பின்பாதியில் 1 கழி, நாளோடு 1 கூட்டு, மாதத்தில் 1 கழி. வந்தது இதுதானே?

22  12  18  87
88  17  9  25
10  24  89  16
19  86  23  11

குறுக்கே கூட்டுங்கள், 139. நெடுக்கே, 139. மூலைவிட்டம் இரண்டும் 139. நாலு மூலை? 22, 87, 19, 11. அதுவும் 139! நடுவில் இருக்கும் நாலு கட்டம்? 17, 9, 24, 89. அதே 139!

இப்போது எதிரணித் தலைவருக்கு. அவர் சொன்னது சரி. எல்லாத் தேதிக்கும் வரும். 22, 12, 19, 64 போட்டால் எல்லாப் பக்கமும் 117 வரும். ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்களுக்கு மட்டும் 'மாதத்தில் 3 கழி' கட்டத்தில் பூஜ்யமோ கழித்தல் எண்ணோ வந்து நிற்கும். தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அடித்துவிடாதீர்கள், கூட்டுத்தொகை மாறாது. சிலருக்கு ஒரே எண் இரண்டு கட்டத்தில் வரும். அதற்கும் மாறாது.

ஆனால் 'வெறும் வித்தை' என்றாரே, அதை மட்டும் விட மாட்டேன். ராமானுஜனின் குறிப்பேட்டில் முதல் அத்தியாயமே மாயச் சதுரங்கள்தான் ஐயா! கணித அறிஞர்கள் வரி வரியாக நிரூபித்துப் பார்த்த குறிப்பேடு அது. இவர் வித்தை என்று தள்ளிய இடத்தில்தான் அதன் முதல் பக்கம் தொடங்குகிறது. எந்தத் தேதிக்கும் வரும் என்றால், இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் பிறந்த நாளுக்கும் வரும் என்றுதானே பொருள்? எங்கள் அணிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

நடுவர் மணியை எடுத்துவிட்டார். ஒரே ஒரு நிமிடம் ஐயா.

ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்த குழந்தை. இரண்டு வயதில் பெரியம்மை கண்டது, பிழைத்தது. அடுத்தடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது நிறைவதற்குள் பறிகொடுத்தார் தாய் கோமளத்தம்மாள். பிழைத்த இந்தப் பிள்ளைதான் சென்னைத் துறைமுகத்தில் கணக்கு எழுதி, 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறி, 1918-ல் அந்நாட்டு அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனது. திரும்பி வந்தபோது உடம்பு உருக்குலைந்திருந்தது. 1920 ஜனவரியில், அந்த நிலையிலும், இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குப் புதிய கண்டுபிடிப்பை எழுதி அனுப்பினார். ஏப்ரல் 26-ல் போய்விட்டார். வயது 32. பெற்றவள் உயிரோடு இருந்தாள். மனைவி ஜானகி அம்மாள் அதற்குப் பிறகு 1994 வரை வாழ்ந்தார். அந்தக் கடைசி ஆண்டுத் தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்து, 1976-ல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. நூறு பக்கத்துக்கும் மேல்.

2012 முதல் இந்த நாடு டிசம்பர் 22-ஐத் தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறது. சூரியன் திரும்பியதற்காக அல்ல, நடுவர் அவர்களே, கோமளத்தம்மாள் பெற்ற பிள்ளைக்காக. தீர்ப்பு சொல்லும்போது அந்தத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.