மூன்று சுருட்டு, ஒரு தாள்: அமெரிக்க உள்நாட்டுப் போரைத் திருப்பிய பத்து நாட்கள்

[திரையில்: புல்வெளி, காலை வெயில்]

1862, செப்டம்பர் 13. மேரிலாந்து மாநிலத்தில் ஃபிரெட்ரிக் என்ற ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி. நடந்து களைத்த வடக்குப் படை வீரர்கள் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு உட்காருகிறார்கள். பார்ட்டன் மிட்செல் என்ற கார்ப்பரலின் கண்ணில், புல்லுக்குள் கிடக்கும் ஓர் உறை படுகிறது. பிரித்தால் மூன்று சுருட்டு. சுருட்டைச் சுற்றி ஒரு தாள். எதிரிப் படையின் எந்தப் பிரிவு எந்த வழியில் எங்கே போகப்போகிறது என்று முழுத் திட்டமும் அந்தத் தாளில் இருக்கிறது!

சுருட்டைப் பற்ற வைக்க அந்தத் தாளையே அவர் கொளுத்தியிருந்தால்? கொளுத்தவில்லை. மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கிருந்து பத்தாவது நாள், அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பெரிய அறிவிப்புகளில் ஒன்று வெளியே வந்தது.

சரி, பின்னணியை வேகமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சுமார் 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவக்கூடாது என்ற லிங்கன் 1860 தேர்தலில் ஜெயித்தார். 7 தென் மாநிலங்கள் நாட்டை விட்டுப் பிரிந்தன. 1861 ஏப்ரலில் சம்ட்டர் கோட்டை மீது தெற்கு பீரங்கியால் சுட்டது. அவ்வளவுதான், போர். இன்னும் 4 மாநிலங்கள் பிரிந்தன. பிரிந்த 11 மாநிலங்கள் தெற்கு, லிங்கனோடு நின்றவை வடக்கு.

இங்கே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒன்றரை ஆண்டு வடக்கு சொன்ன நோக்கம் நாட்டை ஒன்றாக வைத்திருப்பது மட்டும்தான். அடிமைகளை விடுவிப்பது நோக்கமாக அறிவிக்கப்படவேயில்லை. ஆனால் அடிமைகள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்துத் தப்பி, வடக்குப் படை முகாம்களுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். இந்தக் கேள்வியை லிங்கனின் மேசைக்குக் கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1862 ஜூலையில் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை லிங்கன் அமைச்சர்களிடம் வாசித்துக் காட்டினார். வெளியுறவு அமைச்சர் சீவர்ட் ஒரு யோசனை சொன்னார்: இப்போது நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம், இந்த நேரத்தில் இதை வெளியிட்டால் வேறு வழியில்லாமல் போடும் கூச்சலாகத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும். லிங்கனுக்கு அது சரியென்று பட்டது. வரைவை எடுத்து வைத்துவிட்டார்.

வெற்றிதான் வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் புல் ரன் என்ற இடத்தில் வடக்கு இரண்டாவது முறையாகத் தோற்றது. தெற்கின் தளபதி ராபர்ட் லீ பொட்டோமாக் ஆற்றைக் கடந்து வடக்கின் மண்ணுக்குள்ளேயே வந்துவிட்டார். லண்டனில் பிரதமர் பாமர்ஸ்டன் இரு பக்கத்துக்கும் நடுவே சமரசம் பேசலாமா என்று யோசிக்கிறார். அது நடந்திருந்தால் தெற்கு தனி நாடாகும் வழி திறந்திருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தத் தாள் எப்படித் தொலைந்தது?

[திரையில்: உத்தரவு எண் 191இன் படம்]

செப்டம்பர் 9 அன்று லீ ஓர் உத்தரவு எழுதச் சொன்னார். எண் 191. படையைப் பல துண்டாகப் பிரித்து, பெரும்பகுதியை ஸ்டோன்வால் ஜாக்சன் தலைமையில் வடக்குப் படை இருந்த ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரைப் பிடிக்க அனுப்பும் துணிச்சலான திட்டம் அது. ஒவ்வொரு தளபதிக்கும் ஒரு பிரதி போனது. அதில் ஒன்று டேனியல் ஹார்வி ஹில்லுக்கு.

இந்த ஹில்லும் ஜாக்சனும் சகலைகள்! அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அதுவரை ஹில் தன் கீழே இருந்ததால், உத்தரவை அவருக்குச் சொல்ல வேண்டியது தன் பொறுப்பு என்று நினைத்த ஜாக்சன், தன் கையாலேயே ஒரு பிரதி எழுதி சகலைக்கு அனுப்பினார். லீயின் அலுவலகமும் தனியாக ஒன்று அனுப்பியது. ஹில்லுக்கு ஜாக்சன் அனுப்பியது வந்து சேர்ந்தது. அதனால் இன்னொன்று வரவில்லையே என்று தேட யாருக்கும் தோன்றவில்லை. அந்த இன்னொன்றுதான் சுருட்டோடு புல்லில் கிடந்தது. யார் தொலைத்தார்கள் என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது "அண்ணன் கொடுத்திருப்பான்" என்று தம்பியும், "தம்பி கொடுத்திருப்பான்" என்று அண்ணனும் விட்டுவிடுவது உண்டே, அதன் தலைகீழ் கதை இது. இரண்டு பேரும் கொடுத்ததால் வந்த வினை. உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் கமென்ட்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.

மிட்செலுக்குக் கிடைத்தது சிகார், நம் ஊர்ச் சுருட்டு அல்ல. ஆனால் ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு வகை சிகாருக்குப் பெயர் உண்டு. அந்தச் சொல் நம்முடைய 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனது. அதனால் இந்த வீடியோ முழுக்க நான் சுருட்டு என்றுதான் சொல்வேன்.

தாள் வடக்கின் தளபதி மெக்லெல்லனிடம் போனது. "இதை வைத்துக்கொண்டும் பாபி லீயை அடிக்க முடியாவிட்டால் நான் வீட்டுக்குப் போய்விடுகிறேன்" என்று பூரித்துப் போனார். அப்புறம் என்ன செய்தார்? படையின் பெரும்பகுதியை மறுநாள் காலைதான் நகர்த்தினார். எனக்கு ஆற்றாமையாக இருக்கும் இடம் இது. எதிரி துண்டு துண்டாகக் கிடக்கிறான், திட்டம் கையில் இருக்கிறது, ஒரு இரவு வீணாகப் போகிறது. அதற்குள் லீ சுதாரித்துக்கொண்டு ஷார்ப்ஸ்பர்க் என்ற சிற்றூரில், ஆன்டீட்டம் ஓடைக்கரையில் படையைக் கூட்டத் தொடங்கிவிட்டார்.

செப்டம்பர் 17. விடிந்ததும் சோளக்காட்டில் சண்டை தொடங்கியது. அந்தக் காடு காலைக்குள் பல முறை கைமாறியது. நண்பகலில், வண்டிகள் ஓடி ஓடிப் பள்ளமான ஒரு பாதையில் சண்டை. பிற்பகலில் ஒரு சின்னக் கல்பாலம். தெற்கின் சுமார் 500 ஜார்ஜியா வீரர்கள் எதிர்க்கரை மேட்டில் இருந்து சுட்டே வடக்கின் ஒரு பெரும் படையை மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் பாலத்தைத் தாண்டியபோது, தெற்கின் இன்னொரு ஹில், தளபதி ஏ.பி. ஹில், 27 கிலோமீட்டர் நடந்தே வந்து மோதினார்.

மாலைக்குள் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் இரு பக்கமும் சேர்த்து சுமார் 23,000 பேர். பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒருவர். நான் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர்.

[இரண்டு விநாடி அமைதி]

யாரும் தெளிவாக ஜெயிக்கவில்லை. மெக்லெல்லன் தன் படையில் கணிசமான ஒரு பகுதியைக் களத்தில் இறக்கவேயில்லை. ஆனால் மறுநாள் இரவு லீ ஆற்றைக் கடந்து பின்வாங்கினார். லிங்கனுக்கு அது போதுமாக இருந்தது. செப்டம்பர் 22 அன்று, எடுத்து வைத்த வரைவு வெளியே வந்தது: 1863 ஜனவரி 1 அன்று எந்தெந்த மாநிலங்கள் இன்னும் கிளர்ச்சியில் இருக்கின்றனவோ, அங்கே உள்ள அடிமைகள் அன்று முதல் என்றென்றைக்கும் சுதந்திரமானவர்கள்.

வடக்கோடு நின்ற மேரிலாந்து, கென்டக்கி போன்ற மாநிலங்களின் அடிமைகளுக்கு இது பொருந்தாது. இந்தக் குறை உண்மை. அவர்களுக்கும் சேர்த்துச் சட்டம் வர 1865 டிசம்பர் ஆனது, அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம். ஆனாலும் போரின் பொருளே இதோடு மாறிவிட்டது என்பது என் கருத்து. அடிமை முறையைக் காக்கும் பக்கம் நிற்பது பிரிட்டன் அரசுக்கு இனி எளிதல்ல. சமரசப் பேச்சு அந்த இலையுதிர்காலத்திலேயே அமுங்கியது. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டார்கள்.

கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க், அட்லாண்டா சண்டைகள், கடைசியில் 1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டாக்ஸில் லீ சரணடைந்தது, இதெல்லாம் தனித்தனி வீடியோவுக்கான கதைகள். வேண்டுமென்றால் சப்ஸ்கிரைப் செய்துவிடுங்கள், ஒவ்வொன்றாக வரும். மெக்லெல்லனை 1862 நவம்பரிலேயே லிங்கன் பதவியிலிருந்து நீக்கினார். 1864 தேர்தலில் அதே லிங்கனை எதிர்த்து நின்று தோற்றார் மெக்லெல்லன்.

புல்லில் உறையைக் கண்டெடுத்த மிட்செல்? நான்கே நாள் கழித்து, அதே ஆன்டீட்டம் களத்தில் அவர் காலில் பலத்த காயம். அந்தக் காயம் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1868இல் இறந்துபோனார்.