வில் ஏன் கையை உதறுகிறது?

வணக்கம் நேயர்களே. தச்சுப் பட்டறைக்காரனை மைக்குக்கு முன்னால் இருத்தினால் கதவு, கட்டில், அலுமாரி என்றுதான் கதைப்பான் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு நான் வந்தது வில்லைப் பற்றிக் கதைக்க.

தை பிறந்தால் வல்வெட்டித்துறைப் பக்கம் பட்டத்தில் விண் பூட்டி ஏற்றுவார்கள். விண்ணும் ஒரு வில்தான். வளைத்த சிலாகையில் நாடாவை இழுத்துக் கட்டினால் காற்றில் இரா முழுக்கக் கூவும். கூவாவிட்டால் கட்டியவனுக்கு வெட்கம். அம்பு எய்கிற வில் இதற்கு நேர்மாறு. அது பெரிதாகச் சத்தம் போட்டால், அம்போடு போயிருக்க வேண்டிய சக்தியில் ஒரு பங்கு வில்லிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த மிச்சம்தான் காதுக்குச் சத்தம், பிடித்த கைக்கு உதறல்.

போன வருடம் எங்கள் ஒழுங்கைப் பொடியன் ஒருவன், பனஞ்சலாகையில் தானே செதுக்கிய வில்லைக் கொண்டுவந்தான். "அண்ணை, நாலு அம்பு விட்டால் முழங்கை விறைக்குது" என்றான். வாங்கி ஒரு அம்பு விட்டுப் பார்த்தேன். 'டொம்' என்ற சத்தத்தோடு பல்லு வரைக்கும் அடித்தது. நாணில் கறுப்பாக ஏதோ தொங்கியது. சைக்கிள் ரியூப் வெட்டிக் கட்டியிருக்கிறான், சத்தம் குறையுமாம். காய்ச்சலுக்குத் தெர்மோமீற்றரை ஒளித்து வைத்த கதை. முதல் வேலையாக அதைக் கழற்றினேன்.

பிறகு நாணைப் பார்த்தேன். தங்கூசி, அதாவது மீன் பிடிக்கிற நைலோன் நூல்! மீனுக்குச் சரி, வில்லுக்குச் சரிவராது. அம்பு கிளம்பியதும் நாண் வில்லை ஒரே பிடியாக நிறுத்த வேண்டும். தங்கூசியோ இழுபட்டுச் சுருங்கித் திரும்பவும் துள்ளும். பை தைக்கிற பொலியெஸ்ரர் நூலைப் பல இழையாக முறுக்கிப் புது நாண் போட்டோம். அவ்வளவாக இழுபடாத புதுவகை நூல்களும் இருக்கின்றன. மெல்லிய மர நுனியில் அவற்றைப் பூட்டினால் நாண் மாட்டுகிற குதையையே அறுத்துவிடக்கூடும். மர வில்லுக்குக் கொஞ்சம் இளக்கம் வேண்டும்.

அடுத்தது நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளி. பிடியின் மேல் முட்டியை வைத்துப் பெருவிரலை நிமிர்த்துங்கள். விரல் நுனி நாணைத் தொட வேண்டும். அளந்தால் ஆறு, ஆறரை அங்குலம் வரும். பொடியனுடையது நாலரை அங்குலம்தான். இவ்வளவு தாழ்வாக இருந்தால் நாண் மணிக்கட்டிலும் அடிக்கும், சத்தமும் கனமாக வரும். நாணைக் கழற்றிப் பத்து முறுக்கு ஏற்றினால் நாண் குறுகி இடைவெளி கூடும். பத்துப் பத்தாக ஏற்றிப் பார்த்து, சத்தம் எந்த இடத்தில் அடங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது.

அம்பையும் நிறுக்க வேண்டும். பொடியன் வைத்திருந்தது ஈர்க்கு மாதிரி ஒன்று. நகைக்கடைத் தராசில் 14 கிராம் காட்டியது. விற்றராசில் கொழுவி இழுத்துப் பார்த்தால் வில்லை இழுக்க 40 றாத்தல் பலம் வேண்டும். மர வில்லுக்கு நான் வைத்திருக்கிற கணக்கு, ஒரு றாத்தலுக்கு அரைக் கிராமுக்குக் கொஞ்சம் மேல். 40 றாத்தலுக்கு 26 கிராம் அளவில் அம்பு வேண்டும். மெல்லிய அம்பு சக்தியை வாங்கிக்கொள்ளாமல் ஓடிவிடும். அம்பே இல்லாமல் நாணை இழுத்து விடுவதற்கு அது கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. வெறும் நாணை இழுத்து விடாதீர்கள் என்று பட்டறைக்கு வருகிற எல்லாரிடமும் கத்துவேன். ஒரே தடவையில் வில் முறிந்ததைக் கண்டவன் நான். அம்பின் அடிக்குதை நாணில் தொளதொளவென்று இருந்தாலும் அதே கேடு. நாணில் கொழுவிய அம்பு தலைகீழாகத் தொங்க வேண்டும். நாணை விரலால் சுண்டினால் விழ வேண்டும்.

சரி, இவ்வளவும் செய்தோம். சத்தம் பாதியாகக் குறைந்தது. உதறல் மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் மரத்தில் கை வைத்தேன்.

பனையின் வயிரம் இரும்பு மாதிரி. பாரமும் அப்படியே. பொடியன் பிடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே அகலமாக விட்டிருந்தான். வில்லில் ஆக வேகமாக ஓடுகிற இடம் நுனி. வேகம் இரண்டு மடங்கானால் அங்கே தங்கும் சக்தி நாலு மடங்கு. அதனால் நுனியில் கிடக்கும் ஒரு கிராம், பிடிக்குப் பக்கத்தில் கிடக்கும் பத்துக் கிராமை விடக் கையை வருத்தும். கடைசி எட்டு அங்குலத்தை இரண்டு பக்கவாட்டிலும் அரத்தால் ராவி, பெருவிரல் அகலத்தில் இருந்ததைச் சின்னி விரல் அகலத்துக்குக் கொண்டுவந்தோம். குறிக்கு முன்னால் நிற்கும் முதுகுப் பக்கத்தை மட்டும் தொடக்கூடாது. அங்கே நார் அறுந்தால் அங்கேதான் வில் முறியத் தொடங்கும். ராவ ராவ நாணைப் பூட்டி ஓர் அம்பு விட்டுப் பார்ப்பது, திரும்ப ராவுவது. ஒரு பின்னேரம் முழுக்க இதுதான் வேலை. பொடியனின் அம்மா இரண்டு தரம் தேத்தண்ணி அனுப்பினார்.

கடைசியாக வளைவு. சுவரில் கரியால் கோடுகள் கீறி, வில்லைப் பிடியில் ஆணியில் மாட்டி, கிணற்றுக் கப்பியில் கயிறு போட்டு நாணைக் கீழே இழுத்தேன். தள்ளி நின்று பார்த்தால் கீழ்க்கை, அதாவது பிடிக்குக் கீழே உள்ள வில்லின் பாதி, நன்றாக வளைகிறது, மேலே உள்ள மேற்கை விறைத்துக்கொண்டு நிற்கிறது. விட்டவுடன் ஒன்று முந்தி வீட்டுக்கு வரும், மற்றது பிந்தி வரும். அந்த இழுபறிதான் கையில் தெரிகிறது. விறைத்த மேற்கையை வயிற்றுப் பக்கம், அதாவது எய்பவரைப் பார்க்கும் பக்கம், உடைந்த கண்ணாடித் துண்டால் இருபது சுரண்டல், அப்புறம் முப்பது தரம் மெல்ல இழுப்பு. மரம் புது வளைவைப் பழகிய பிறகுதான் உண்மையான உருவம் தெரியும். அவசரப்பட்டுச் சுரண்டிச் சுரண்டி நான் விறகாக்கிய வில்லுகள் மூன்று.

ஒரு சத்தத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நேற்று வரைக்கும் இல்லாத 'டிக்' ஒன்று இன்றைக்குக் கேட்டால் அடுத்த அம்பை விடாதீர்கள். நாணைக் கழற்றி, ஒரு சிட்டிகைப் பஞ்சை வில்லின் மேல் நீளத்துக்கு இழுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் நார் கிளம்பியிருக்கும். மாரி மழையில் ஊறி, பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்த வில்லை இப்படிப் பார்க்காமல் எடுக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் தையல்கடைக் கம்பளி நூல் இரண்டு குஞ்சம், நாணின் இரு முனையிலிருந்தும் கால்வாசி தூரத்தில் கட்டினோம். மிஞ்சியிருந்த சிணுங்கல் அதிலே அடங்கியது. பொடியன் இருபது அடியில் வாழைக்குற்றியை நிறுத்தி அம்பு விட்டான். கை உதறவில்லை. "அண்ணை, குற்றியிலை தைக்கிற சத்தம் இப்பதான் கேக்குது" என்றான். இவ்வளவு நாளும் வில் போட்ட சத்தத்தில் அவனுக்கு அது கேட்டதே இல்லையாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. வணக்கம்.